மதர் சாப்பிட்டாங்களா

பிப்ரவரி 6, வெள்ளி

சாப்பிடவில்லை. நேற்று மாலை விட்ட சுவர்க்கோழிப் பூச்சி இன்று காலையிலும் கண்ணாடித் தொட்டியின் மூலையில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்து வெளியே போட்டேன். தின்னாத இரையைத் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது, அது சிலந்தியைக் கடித்துவிடும் என்று செலின் சொல்லியிருக்கிறாள். உள்ளங்கை அகலச் சிலந்தியை நகமளவுப் பூச்சி கடிக்குமா என்று கேட்டேன். "அதுக்கு முடியாத நேரம்னா யாரு வேணா கடிப்பாங்கம்மா" என்றாள்.

இந்த நாட்குறிப்பில் இதுவரை இந்தப் பிராணியைப் பற்றி எழுதியதில்லை. எழுதுவதென்றால் முறையாக எழுத வேண்டும்.

தென் அமெரிக்காவின் வறண்ட நிலத்து இனம். மூலையில் வலை பின்னித் தொங்குவதில்லை. மண்ணில், ஒரு மறைவுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உடல் முழுதும் பழுப்பு மயிர். பெண். என் மகள் செலின் பெங்களூரில் ஒன்பது வருடம் இதை வளர்த்தாள். ஜூலைக்குப் பிறகு அவளுடைய துணிமணிகளையும் பாத்திரங்களையும் அங்கேயே கொடுத்துவிட்டு, இதை மட்டும் ஒரு டப்பாவில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு திருச்சிக்கு வந்தேன். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் டப்பாவில் என்ன என்று கேட்டார். கேக் என்றேன்.

செலின் இதற்கு மதர் என்று பெயர் வைத்திருந்தாள். நான் படித்த கான்வென்ட்டில்தான் அவளும் படித்தாள். அவள் காலத்து மதர் சுப்பீரியர் பழுப்பு அங்கியில் வராண்டாக் கோடியில் அசையாமல் நிற்பாராம். அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், வகுப்புகள் தாமாக அடங்கிவிடுமாம். துறவியின் பட்டத்தைப் பூச்சிக்கு வைப்பது மரியாதைக் குறைவு என்று கண்டித்தேன். "பூச்சி இல்லம்மா, பூச்சிக்கு ஆறு கால்தான்" என்று என்னையே திருத்தினாள். அதுவரை அவள் என்னைத் திருத்தியதில்லை. நான் பிராணி என்றே சொல்லிவருகிறேன்.

சாது. இத்தனை மாதத்தில் ஒரு முறைகூட என்னை மிரட்டியதில்லை. ஆனால் பாசம் கிடையாது. கையில் எடுத்தால் பிடிக்காது, கொஞ்சினால் தெரியாது. "உங்கள மாதிரிம்மா" என்றாள் செலின். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தொட்டியில் தென்னை நார்த்தூளைக் கிளறிச் சரிசெய்தேன். தொந்தரவு பொறுக்காமல் பின்னங்காலால் வயிற்று மயிரை உதறியது. அதன் தற்காப்பு அது. பட்ட இடத்தில் அரிக்கும். மணிக்கட்டு சிவந்துவிட்டது. காலமைன் தடவினேன்.

மாடியில் இருக்கும் ரெஜினா வந்து பார்த்துவிட்டாள். காலமான என் கணவர் சவரிராஜின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழையும் பழக்கம் அந்த வேலையில் வந்தது.

"இன்னைக்குக் கை, நாளைக்குக் கண்ணு" என்றாள். "அந்தக் கலர் மீன் கடைக்காரன்கிட்ட குடுத்துடுங்க அண்ணி. சும்மாவே வாங்கிக்குவான்."

"நீ இந்த அறை வாசல்படியைத் தாண்டி உள்ள வராத. அப்ப ஒன்னும் ஆகாது."

வாசல்படியிலேயே நின்றுகொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலைத் திருப்பலி. நெற்றியில் சாம்பலோடு வந்து தொட்டியைப் பார்த்தேன். இன்றும் தின்னவில்லை. வயிற்றின் மேல் மயிர் உதிர்ந்த வழுக்கை இடம் கறுத்துவருகிறது.

ரெஜினா வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "மதர் நமக்கு முன்னாடியே ஒருசந்தி ஆரம்பிச்சிட்டாங்க போல. நம்மளாவது மத்தியானம் ஒரு வேளை சாப்புடுறோம்."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 25, புதன்

ரெஜினாவுக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. கறைகளைத் தனியாகக் கசக்கிவிட்டுத்தான் போடுவாள். என் வெள்ளை ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இடது பக்கம்.

"இது என்ன கறை அண்ணி?"

"பிராணியோட மயிர் பட்டு அரிச்சிது. சொறிஞ்சுட்டேன்."

"உள்ளயா போச்சு?"

"போகும். காத்துல பறக்கும்."

அந்த நேரத்துக்குக் கையில் இருந்த காரணம் அது. இனிமேல் உள்ளே மடித்த துணி வைத்துக்கொள்ள வேண்டும். என் ஜாக்கெட்டுகளை நானே துவைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. ஆசாரியை வரச் சொல்ல வேண்டும் என்று ஜனவரியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரெஜினா தட்டாமல் வந்தாள்.

பார்த்தாள். வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் உடுத்திக்கொண்டு வந்தபோது, "இது சொறிஞ்ச புண்ணு இல்ல அண்ணி. கட்டி. சிலந்தி வந்துருக்கு உங்களுக்கு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஆறாத கட்டிக்கு அந்தப் பெயர் உண்டு.

"நான் அன்னைக்கே சொன்னேன். சிலந்திய வெச்சுக் கும்புட்டுட்டு இருந்தா சிலந்திதான் வரும்."

பொறுமையாக விளக்கினேன். சிலந்தி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பிராணி. மற்றது கட்டி. ஒன்றிலிருந்து மற்றது வருவதில்லை. அகராதியை எடுத்துக் காட்டினேன்.

"ரெண்டுக்கும் ஒரே பேர சும்மா வெப்பாங்களா?" என்றாள். "நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க, அதோட மயிர் பட்டதுன்னு."

அகராதியை மூடி அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 7, சனி

ரெஜினா பங்குக் கோயிலின் சின்ன சாமியாரை அழைத்து வந்துவிட்டாள். வீடு மந்திரிக்க என்றாள். அவர் தீர்த்தச் செம்போடு நேராகத் தொட்டியை நோக்கிப் போனதிலிருந்தே யார் என்ன சொல்லி அழைத்து வந்தது என்று தெரிந்தது.

"ஃபாதர், அதுக்குள்ள தெளிக்காதீங்க" என்றேன். "தீர்த்தத்துல உப்பு கலந்திருக்கும். அதுக்கு உப்பு ஆகாது."

அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொட்டிக்கு மேலே வெறும் கையால் சிலுவை வரைந்தார். முறையான செயல். மற்ற அறைகளில் தாராளமாகத் தெளித்தார். போகும்போது, "கடிக்குமாம்மா?" என்று கேட்டார். முடியாத நேரத்தில்தான் அதை மற்றவர்கள் கடிப்பார்கள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

ரெஜினா பெட்டி கட்டியிருக்கிறாள். பழைய விடுதியில் சமையலறைப் பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறதாம்.

"அது இருக்கட்டும், நான் போறேன். இல்ல அது போகட்டும், நான் இருக்கேன். அண்ணன் பொண்டாட்டி ஒரு பூச்சியால அழுகிப் போறத மாடியில உக்காந்து பாத்துட்டு இருக்க முடியாது."

"பூச்சி இல்ல" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன?"

மீன் கடைக்காரன் நாளை மறுநாள் வருவானாம். அவனிடமும் பேசி முடித்துவிட்டாள். அவன் கடையில் ஒரு குரங்குக்குட்டியைச் சங்கிலி போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இது மூலைக்கு மூலை ஓடும்.

செய்யாத தவறுக்கு ஒரு பிராணியை வெளியேற்றுவது நியாயமில்லை. அதன் மேல் பழி வந்தது என் வாயால்.

மார்ச் 10, செவ்வாய்

நாளை மருத்துவரிடம் போகிறேன். பிராணியின் மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்காக. வேறெதற்கும் இல்லை.

மார்ச் 11, புதன்

டாக்டர் தேன்மொழி. சிறு வயது. கை குளிர்ச்சியாக இருந்தது. தொடுவதற்கு முன்பு சொல்லிவிட்டுத் தொட்டார். நன்றாக வளர்க்கப்பட்ட பெண்.

அந்த வராண்டாவில் காத்திருந்தது மட்டும் சிரமமாக இருந்தது. பினாயிலும் டீயும் கலந்த அந்த வாசனை எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்.

"எவ்வளவு நாளா இருக்கு இது?"

"நவம்பர்."

"ஏன்மா இவ்வளவு நாள்?"

"வேலை இருந்தது."

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மகள் என்றேன். அவங்க இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்டார். பதில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

நான் வந்த காரணத்தைக் கேட்டேன். வீட்டில் சிலந்தி வளர்ப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அதன் மயிர் பட்டு இது வருமா. சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சுத்தமா சம்பந்தமே இல்லம்மா."

வெளியே இருந்த ரெஜினாவை உள்ளே கூப்பிட்டு, இவள் முன்னால் மறுபடி சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ரெஜினா தலையை ஆட்டினாள். பிறகு, "அப்ப இது என்ன டாக்டர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என் கணக்கில் இல்லை. அதற்கும் அவர் பதில் சொன்னார். பரிசோதனைக்குப் பிறகுதான் உறுதியாகத் தெரியும் என்று தொடங்கி, உறுதியாகத் தெரிந்தவரைப் போலவே முடித்தார்.

ஆட்டோவில் ரெஜினா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அழுவதானால் வீட்டில் அழலாம் என்றேன்.

மீன் கடைக்காரனுக்கு ஃபோன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வழக்கில் வென்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

பரிசோதனைகள். தொட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றவில்லை. இப்படி நடப்பது இதுவே முதல் முறை.

மார்ச் 28, சனி

திங்கட்கிழமை அறுவை. "பெரிய வாரத்துலயா?" என்று ரெஜினா கேட்டாள். ஆண்டவருக்கு ஆட்சேபம் இருக்காது என்றேன்.

பிராணியைப் பார்த்துக்கொள்ள ரெஜினாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். முதன்முறையாக வாசல்படியைத் தாண்டி வந்தாள், கழுத்தில் ஜெபமாலையோடு. தினமும் கிண்ணத்தில் தண்ணீர். அவ்வளவுதான். இரை வேண்டாம். அது இருக்கும் பாதி மண்சட்டிக்குள் எட்டிப் பார்க்கவோ குச்சியால் கிளறவோ கூடாது.

"ஏன் ஒன்னுமே திங்க மாட்டேங்குது?"

"சட்டை உரிக்கப்போவுது. செலின் சொல்லியிருக்கா."

"பாம்பு மாதிரியா?"

"ஆமாம்."

நான் அதை நேரில் பார்த்ததில்லை. ஒன்பது வருடமும் செலின்தான் பார்த்தாள்.

சட்டியின் வாயருகே நேற்றிலிருந்து வெள்ளையாக நூல் இழைத்துப் பாய் விரித்திருக்கிறது. நேர்த்தியான வேலை. ஓரங்களில் பிசிறு இல்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, மருத்துவமனை

இடது கையைத் தூக்க முடியவில்லை. எழுத வலது கை போதும்.

ஏப்ரல் 7, செவ்வாய், மருத்துவமனை

ரெஜினா தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். தினமும் கேட்கிறேன்.

"நல்லாருக்காங்க அண்ணி."

"தண்ணி வெச்சியா?"

"வெச்சேன்."

இன்று தானாகவே, "மதர் சாப்பிட்டாங்க" என்றாள்.

இரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இரையைத் தொடும் துணிச்சலும் அவளுக்குக் கிடையாது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பெங்களூரில் போன ஜூனில் கட்டிலில் இருந்தவள் செலின், நாற்காலியில் இருந்தவள் நான். தினமும் கேட்பாள், "மதர் சாப்பிட்டாங்களா?" சாப்பிட்டது என்பேன். ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். நான் அந்த நாட்களில் தொட்டிப் பக்கமே போகவில்லை. இரவில் அவளுடைய வீட்டுக்குப் போனால் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கொள்வேன். செலின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிம்மா என்பாள்.

ரெஜினாவிடம் நானும் சரி என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீடு. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறாள். தொட்டி இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கச் சொன்னேன்.

"முதல்ல கஞ்சி குடிங்க."

"ரெஜினா."

தரையில் உட்கார்ந்துகொண்டாள். விடுதிப் பெண்களை நடுங்க வைத்தவள், தப்பு செய்த பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"செத்துப்போச்சு அண்ணி. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில தண்ணி வெக்கப் போனேன். சட்டிக்கு வெளிய கெடந்துச்சு. காலெல்லாம் பரத்திக்கிட்டு. தட்டிப் பாத்தேன், அசையல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? தையல் பிரிக்காத நேரம்."

"என்ன பண்ணுன?"

"தூக்கிப் போட மனசு வரல. இடுக்கியால எடுத்து, செலினோட கைக்குட்டை ஒன்னு உங்க பீரோவுல இருந்துச்சில்ல, அதுல சுத்தி, கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்துல பொதச்சேன். அருள் நிறைந்த மரியே மூணு தடவ சொன்னேன். தப்பா அண்ணி?"

இல்லை என்றேன்.

சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். அழுதேன். ஜூலையில் அழவில்லை. அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லோருக்கும் நான்தான் காப்பி கொடுத்தேன், யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுகூட மறக்கவில்லை. இன்று தையல் இழுத்து வலித்தது, இருந்தும் நிற்கவில்லை.

ரெஜினா என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒரு பூச்சிக்குப் போயி, அண்ணி" என்றாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

கைக்குட்டை வேண்டும் என்று காலையில் சொன்னேன். செலினுடையது மண்ணில் மக்கக் கூடாது. ரெஜினா முகம் சுளித்தாலும் போய்க் கரண்டியால் தோண்டினாள். நான் கறிவேப்பிலைச் செடிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முடிச்சை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். எட்டுக் காலும் இருந்தன. மயிர் இருந்தது. கறுத்த பற்கள்கூட இருந்தன. அடையாளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கனமே இல்லை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவளுக்கு அதன் கனம் தெரியாதா?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதுகின் முன்பக்கம் மூடி திறந்ததுபோல் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ரெஜினா, நீ பொதச்சது சட்டைய."

"பாம்புச் சட்டை மாதிரி கிழிஞ்சு கெடக்கும்னுதான நெனச்சேன். இது கண்ணு, பல்லு எல்லாத்தோடயும் முழுசா கெடந்துச்சே. சட்டைய அப்புடியா கழட்டும்?" பிறகு கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அப்ப அது எங்க?"

அந்த அறைக்கு நடந்தோம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணம் காய்ந்து வெள்ளைக் கறை படிந்திருந்தது. இந்த வெயிலில் அத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை. அவசரத்தில் பாதித் தண்ணீரை மண்ணில் ஊற்றினேன்.

சட்டிக்குள் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் நின்றோம்.

முதலில் ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. புது மயிர், ரோஜாச் சாயலில், தூசியே படாதது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவசரமில்லாமல் வந்து கிண்ணத்தின் விளிம்பில் வாயை வைத்துப் படிந்தது.

"மதர்" என்றேன்.

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஈஸ்டர் முடிஞ்சு இப்பத்தான் அண்ணி…" என்று தொடங்கினாள். இதில் பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உரிக்க முடிந்தது உரிக்கிறது. எல்லோராலும் முடிவதில்லை.

சட்டையை மறுபடி அதே குழியில் புதைக்கச் சொன்னேன், வேறு துணியில். ஜெபம் சொல்லியாகிவிட்டது, வீணாகக் கூடாது. கைக்குட்டையை ரெஜினா துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பீரோவில் வைக்கவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

ஏப்ரல் 24, வெள்ளி

டாக்டர் தேன்மொழி முடிவுகளைச் சொன்னார். மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் எவ்வளவு, ஏற்றாவிட்டால் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டையும் மறைக்காமல் சொன்னார். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா தொட்டிக்கு முன்னால் நின்றாள். இப்போதெல்லாம் உள்ளேயே வந்து நிற்கிறாள்.

"இது இன்னும் எத்தன வருஷம் இருக்கும் அண்ணி?"

"பொம்பளைன்னா நெறைய நாள் இருக்கும். பத்து வருஷம் இருக்கலாம்."

தன் வயதோடு கூட்டி விரல் மடக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். மடக்கிய விரல்களை அப்படியே புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நீயே தண்ணி வை" என்றேன். "கிண்ணத்த ரொப்பாத. விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும்."

மே 15, வெள்ளி

மருந்து ஏற்றிய மூன்றாம் நாள். வெயில். ரெஜினா தட்டில் இட்லி வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்று முதன்முறையாக இரை விடுவது அவள் பொறுப்பு. சுவர்க்கோழி டப்பாவைத் திறக்கும்போது ஒன்று தப்பித்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலி நகரும் சத்தமும், "ஐயோ மாதாவே, இங்கயா வந்த" என்ற குரலும் கேட்டன.

வெகுநேரம் கழித்து வேர்த்த முகத்தோடு வந்தாள்.

"மதர் சாப்பிட்டாங்க அண்ணி. மொதல்ல சும்மாவே இருந்தாங்க. நான் சரி, வேணாம் போலன்னு இடுக்கிய உள்ள விடப் போனேன். விடுறதுக்குள்ள ஒரே அமுக்கு. அந்தப் பூச்சி கால உதறவே இல்ல. அப்பறம் அத வாயில வெச்சுக்கிட்டே மெதுவா ஒரு சுத்து சுத்தி, தரையில நூல் போட்டாங்க பாருங்க, மேசை விரிப்பு விரிக்கிற மாதிரி. சாப்பாட்டுக்கு முன்னாடி விரிப்பு போடுறாங்க, அண்ணி. உங்க கான்வென்ட்டேதான்."

உண்மை. பொய் சொல்கிறவர்கள் இத்தனை சொற்களைச் செலவழிப்பதில்லை. தின்று முடித்த சக்கையை நாளைக் காலையில் எடுத்துவிட வேண்டும், தின்னாமல் விட்டால் இரையை உள்ளே விட்டுவைக்கக் கூடாது, முடியாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் கடிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு முறை சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னாள்.

பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தாள். அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "சரி அண்ணி" என்றாள்.